ஏர்பிரஷில் பெயின்ட் சரியாக வராதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்கு அருகே ஒரு சிறிய பட்டறையில் சுரூபங்களுக்கும் குடில் பொம்மைகளுக்கும் ஹெல்மெட்டுகளுக்கும் பைக் டேங்குகளுக்கும் ஏர்பிரஷால், அதாவது காற்றழுத்தத்தால் பெயின்டைப் பனிபோல் தூவும் சிறு கைக்கருவியால், பெயின்ட் அடிப்பது என் தொழில். புதிதாக ஏர்பிரஷ் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, பெயின்டுக்கு எத்தனை பங்கு தின்னர் ஊற்ற வேண்டும் என்பதைத்தான். ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்த எண் ஆரல்வாய்மொழியில் சரியாக இருந்தால் குலசேகரத்தில் தவறிவிடும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் கணவாய்க் காற்று வீசும் தோவாளைப் பக்கத்தில், பெயின்ட் பொருளைச் சென்று சேரும் முன்பே பாதி காய்ந்துவிடும். மலையடிவாரத்து ரப்பர் தோட்டங்களின் நடுவே, ஆனி ஆடிச் சாரல் நாளில், அதே கலவை காயத் தாமதித்து வெளுத்துப்போகும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, வறண்ட ஊர்க்காரர் ஒருவர் எழுதிய அளவை அப்படியே பின்பற்றுவதால் வரும் தொல்லைகள்தாம் கீழே உள்ளவற்றில் பாதிக்கு மேல்.

தின்னருக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஏர்பிரஷின் முன்முனையான நாசிலின் சிறு துளை வழியே பெயின்ட் தடையின்றி வெளியேறும் அளவுக்கு அதை இளக்குவது ஒன்று. பொருளின் மேல் விழுந்த பெயின்ட் எவ்வளவு நேரம் ஈரமாக இருந்து சமமாகப் பரவ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மற்றொன்று. முதல் வேலையை எல்லோரும் அறிவார்கள். இரண்டாவதை மறந்துவிடுவதால்தான், காய்தல் தொடர்பான கோளாறுகளையும் தின்னரின் அளவைக் கூட்டிக் குறைத்தே சரிசெய்யப் பார்க்கிறார்கள்.

பிழை கலவையிலா, கருவியிலா?

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். ஏர்பிரஷில் பெயின்ட் ஊற்றும் கிண்ணமான கப்பில் உள்ளதை வெளியே ஊற்றிவிட்டு, நன்றாகக் கழுவி, வெறும் தின்னரை மட்டும் ஊற்றிப் பழைய செய்தித்தாளின் மேல் அடித்துப் பாருங்கள். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்காக இருந்தால் தண்ணீரே போதும். ஈரம் வட்டமாகவும் ஒரே சீராகவும் படிந்தால் கருவி நலமாக இருக்கிறது. பிழை கலவையில் இருக்கிறது. ஈரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தால், நாசிலுக்குள் இருக்கும் ஊசியின் முனை வளைந்திருக்கலாம். ஊசியைக் கழற்றி, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் படுக்கவைத்து உருட்டினால், முனை துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். விட்டுவிட்டு வந்தால் நாசிலுக்குள் பழைய பெயின்ட் காய்ந்து ஒட்டியிருக்கும், அல்லது நாசில் முழுவதும் இறுகாமல் இருக்கும். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடங்கள்கூட ஆகாது. இதைச் செய்யாமல் கலவையை மாற்றிக்கொண்டே போனவர்கள் ஒரு குப்பி பெயின்டை முழுவதுமாக வீணாக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

கலவையில்தான் பிழை என்று தெரிந்த பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எனக்குத் தொழில் கற்றுத்தந்த ஆசான், நான் தின்னரை எடுக்கும்போதெல்லாம், "மக்கா, டப்பாவெ கீழ வையி. மொதல்ல காத்தெ கொறச்சுப் பாரு" என்பார். காற்றழுத்தத்தை மாற்றிப் பார்ப்பதற்குச் செலவில்லை. பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்கே திருப்பிவிடலாம். ஊற்றிய தின்னரை வெளியே எடுக்க முடியாது.

கலவையின் பதம்

அறிகுறிகளுக்குள் செல்லும் முன், எந்தப் பதத்திலிருந்து தொடங்குவது என்பதைச் சொல்லிவிடுகிறேன். "பால் போல" என்று பொதுவாகச் சொல்வார்கள். பசும்பாலைவிட நம் வீட்டுத் தேங்காய்ப் பால் இதற்குத் துல்லியமான அளவுகோல். தலைப்பாலின் கெட்டி எந்த ஏர்பிரஷுக்கும் ஆகாது. 0.5 மி.மீ. நாசிலுக்கு இரண்டாம் பால் பதம் சரியாக இருக்கும், 0.3 மி.மீ. நாசிலுக்கு இரண்டாம் பாலுக்கும் மூன்றாம் பாலுக்கும் இடைப்பட்ட பதம், 0.2 மி.மீ. நாசிலுக்கு மூன்றாம் பால். கலவையைக் கப்பின் உட்சுவரில் குச்சியால் ஒரு முறை ஏற்றிவிட்டுக் கவனியுங்கள். மெல்லிய திரையாக நின்று, சுவரின் நிறம் தெரியத் தெரிய மெதுவாக இறங்க வேண்டும். அப்பிக்கொண்டு நின்றால் கெட்டி. சுவரைத் துடைத்ததுபோல் உடனே வழிந்துவிட்டால் நீர்த்துவிட்டது.

பங்கு வேண்டும் என்பவர்களுக்கு என் தொடக்க அளவுகள்: எனாமல் ஒரு பங்குக்கு டர்பன்டைன் முக்கால் முதல் ஒரு பங்கு, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் ஒரு பங்குக்கு என்.சி. தின்னர் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு; தூரிகைக்கென்று குப்பியில் வரும் அக்ரிலிக் ஒரு பங்குக்கு ஏர்பிரஷ் மீடியமும் (அக்ரிலிக்கை இளக்கவென்றே விற்கும் திரவம்) தண்ணீரும் சேர்த்து ஒரு பங்கு. காற்றழுத்தம் 20 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அளவு) அளவில் தொடங்கலாம். வெள்ளைக்கு மட்டும் சற்றுக் கூடுதலாக இளக்க வேண்டியிருக்கும். அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு கனமான துகள் என்பதால் விரைவில் அடியில் படியும். கலந்த எதையும் நைலான் துணியில் வடிகட்டாமல் கப்பில் ஊற்றாதீர்கள். பழைய நைலான் காலுறை இதற்குப் போதும்; பருத்தித் துணி வேண்டாம், அதன் பஞ்சே நாசிலை அடைத்துவிடும்.

சிறிது நேரம் நன்றாக வந்து, பிறகு மெலிந்து நின்றுவிடுகிறது

இதை ஊசி முனை காய்தல் என்போம். டிரிகரை இழுக்க இழுக்கப் பெயின்ட் குறைந்துகொண்டே வந்து, திடீரென்று ஒரு பெரிய துளியாகத் தெறித்து வேலையைக் கெடுக்கும். ஊசி முனையை உருப்பெருக்கியில் பார்த்தால், முருங்கைக்காய் நுனியில் பூ ஒட்டியிருப்பதுபோல் ஒரு சிறு கட்டி தெரியும். அக்ரிலிக்கில் இது அன்றாடத் தொல்லை. காற்று வீசும் மாதங்களில் கிழக்குப் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு எனாமலிலும் வரும்.

பெயின்டை மேலும் இளக்கினால் இது தீரும் என்று தோன்றும். ஓரளவுக்குத் தீரும்; ஆனால் விரைவில் ஆவியாகும் திரவத்தையே மேலும் ஊற்றுவதால் முனை காய்வது குறையாது. முதலில் அழுத்தத்தை 20-லிருந்து 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். முனையின் மேல் வேகமாகப் பாயும் காற்றே அதை உலர்த்துகிறது. அடுத்து, உலர்தலைத் தாமதிக்கும் ரிடார்டர் சேர்க்க வேண்டும். அக்ரிலிக்குக்கு 10 மி.லி. கலவையில் மூன்று நான்கு துளி போதும். கடையில் ரிடார்டர் கிடைக்காதபோது ஒரு துளி கிளிசரின் விட்டுச் சமாளித்திருக்கிறேன். இரண்டு துளிக்கு மேல் போனால் பூச்சு நாள்கணக்கில் பிசுபிசுக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அக்ரிலிக்கை இளக்கும் பழக்கம் உள்ளவர்கள், காற்றுக் காலத்தில் மட்டுமாவது அதைக் குறைத்துக்கொள்வது நல்லது. அது தண்ணீரைவிட விரைவாகப் பறந்துவிடும்.

தின்னரில் நனைத்த மென்மையான தூரிகையால் ஊசி முனையை அவ்வப்போது தொட்டுத் துடைப்பதும் வேலையின் ஒரு பகுதிதான். நான் ஒரு குடில் பொம்மைக்கு இரண்டு முறை துடைப்பேன்.

சிலந்திக் கால்கள்போல் பிரிந்து ஓடுகிறது

அடித்த இடத்தின் நடுவிலிருந்து மெல்லிய கோடுகள் நாலா பக்கமும் சிதறும். கலவை நீர்த்திருக்கிறது, அல்லது அழுத்தம் மிகுதி, அல்லது கை மிக அருகில் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தே வருவதுதான் வழக்கம். அழுத்தத்தை 12 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி, டிரிகரை மயிரிழை அளவு மட்டும் இழுத்துப் பாருங்கள். நீர்த்த கலவையையே விரும்பி, 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே வைத்து முகங்களுக்கு நிழல் போடுவோரும் உண்டு. நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆகவே நீர்த்த கலவை தன்னளவில் பிழையாகாது. அழுத்தம் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இறக்கியும் நிற்கவில்லை என்றால் பெயின்டைச் சிறிது சேர்த்துக் கெட்டியாக்கலாம்.

பிளாஸ்டிக்கின் மேல் அக்ரிலிக் துளித்துளியாகச் சுருண்டு நிற்பது வேறு கதை. தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை மிகுதி. சேம்பிலையின் மேல் உருளும் நீர்த்துளியை நினைத்துக்கொள்ளலாம். வெறும் தண்ணீரால் இளக்கியதே காரணம். அந்த இழுவிசையைக் குறைக்கும் ஃப்ளோ இம்ப்ரூவர் ஒரு துளி சேர்த்தாலோ, தண்ணீரில் ஒரு பங்கை ஏர்பிரஷ் மீடியத்தால் மாற்றினாலோ பரவிக்கொள்ளும். கடலோரத்துக் கிணறுகளின் தண்ணீரில் உப்பு உண்டு. கலப்பதற்குப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரையே பயன்படுத்துங்கள்.

தடவினால் உப்புத்தாள்போல் சொரசொரக்கிறது

பெயின்ட் காற்றிலேயே காய்ந்து, பொடியாக வந்து படிந்திருக்கிறது. தூரத்தைக் குறையுங்கள், 20 செ.மீ. தள்ளி நின்று அடிப்பது பெரிய ஸ்ப்ரே கன்னின் பழக்கம், ஏர்பிரஷுக்கு 5 முதல் 10 செ.மீ. போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். அதன் பிறகும் இருந்தால் மெதுவாக ஆவியாகும் தின்னருக்கு மாறுங்கள். இதற்கு நேர் எதிரானது ஆரஞ்சுத் தோல்: துளிகள் ஈரமாகத்தான் விழுந்திருக்கும், ஆனால் ஒன்றோடொன்று கலந்து சமமாகும் முன் இறுகியிருக்கும். அங்கே கலவை கெட்டியாக இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு தின்னர் கூட்டிப் பாருங்கள்.

பளபளப்பாக அடித்த நிறம் காய்ந்ததும் சாம்பல் பூத்ததுபோல் வெளுக்கிறது

நம் மாவட்டத்தில் என்.சி. லாக்கர் அடிப்பவர்கள் மிகுதியாகச் சந்திக்கும் கோளாறு இதுதான் என்பதால், சற்று விரிவாகச் சொல்கிறேன்.

டிசம்பர் 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் வேலைகள் வந்து குவியும். அது வடகிழக்குப் பருவமழையின் கடைசிப் பகுதி. அப்படியொரு மாலையில் ஒரு மாதா சுரூபத்தின் மேலாடைக்கு அடர் நீலம் அடித்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. அடித்தபோது கண்ணாடிபோல் இருந்த நீலம், நான் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை திட்டுத்திட்டாக வெளிறிவிட்டது. சுரூபத்தை எடுத்துச்செல்ல வந்திருந்த தம்பி, "மாதாவுக்குப் பனி பெஞ்ச மாதிரி இருக்கே அண்ணே" என்றான். தின்னரில் கலப்படம் என்று நான் கடைக்காரரைத் திட்டினேன். மறுநாள் வெயிலில் அதே டப்பாத் தின்னரால், அதே நீலம் ஒரு குறையும் இல்லாமல் வந்தது.

உண்மையில் அந்தத் தம்பி சொன்னது உவமையல்ல, நடந்ததே அதுதான். என்.சி. தின்னரில் அசிட்டோன் போன்ற விரைந்து ஆவியாகும் திரவங்கள் உண்டு. அவை ஆவியாகும்போது பூச்சின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகின்றன, பூச்சு குளிர்கிறது. வெப்பநிலை 28 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காடு என்று இருந்தால், பூச்சு ஏறத்தாழ 25 டிகிரிக்கு இறங்கினாலே காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் பனியாகப் படிந்துவிடும். மூன்று டிகிரி இறங்குவது தின்னருக்குப் பெரிய காரியமில்லை. படிந்த நீர், காயும் லாக்கருக்குள் சிக்கி, அதிலுள்ள பிசினைத் திரியவைத்து வெண்மையாகத் தெரிகிறது. கறுப்பிலும் அடர் நீலத்திலும் பளிச்சென்று தெரியும். வெள்ளையில் மங்கலாக மட்டும் படும்.

தடுக்கும் வழிகள் மூன்று. ஈரப்பதமானி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். 80 விழுக்காட்டைத் தாண்டினால் நான் என்.சி. அடிப்பதில்லை, எனாமல் வேலையை எடுத்துக்கொள்வேன். தள்ளிப்போட முடியாத வேலை என்றால், தின்னரின் அளவில் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை லாக்கர் ரிடார்டர் சேர்க்க வேண்டும். பியூட்டைல் செல்லோசால்வ் என்ற பெயரிலும் அது கடைகளில் கிடைக்கிறது. ஆவியாதல் மெதுவாக நடப்பதால் பூச்சு அவ்வளவாகக் குளிர்வதில்லை. மூன்றாவதாக, ஒரே தடவையில் கனமாக அடிக்காமல், மெல்லிய பூச்சுகளாக இடைவெளி விட்டு அடியுங்கள். கனமான ஈரம்தான் அதிகமாகக் குளிரும். பொருளை முன்கூட்டியே வெயிலிலோ விளக்கின் அடியிலோ வைத்துச் சூடேற்றிக்கொள்வதும் உதவும். ஆனால் என்.சி. தின்னரின் ஆவி தீப்பற்றக்கூடியது; சூடாக்கிய விளக்கை அணைத்து அறைக்கு வெளியே வைத்துவிட்ட பிறகே டிரிகரில் கை வைக்க வேண்டும்.

ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? உப்புத்தாள் போடாதீர்கள். காற்று உலர்ந்திருக்கும் வேளைக்காகக் காத்திருந்து, தின்னரும் ரிடார்டரும் சரிபாதியாகக் கலந்து, நிறம் எதுவும் இல்லாமல், 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பனிபோல் மெல்ல ஒரு முறை மட்டும் அடியுங்கள். மேற்பரப்பு மீண்டும் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறியதும், பழைய நிறம் கண்ணெதிரே திரும்பி வரும். அந்த மாதாவின் மேலாடை அப்படித்தான் மீண்டது. ஈரம் சொட்டும் அளவுக்கு அடித்தால் நிறம் வழிந்துவிடும்.

இடையிடையே தண்ணீர்த் துளி தெறிக்கிறது

துடைத்துப் பார்த்தால் நிறமற்ற நீராக இருக்கும். கம்ப்ரசர் பழுது என்று பலர் எண்ணுகிறார்கள்; கம்ப்ரசர் தன் வேலையை ஒழுங்காகச் செய்வதால்தான் இது நிகழ்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். நம் ஊர் மழைக்கால ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்தால் அதில் 24 கிராம் இருக்கிறது. கம்ப்ரசர் அந்தக் காற்றை நான்கில் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்துகிறது. அழுத்திய காற்று மீண்டும் 30 டிகிரிக்குக் குளிரும்போது, அந்தச் சிறிய இடம் ஏழெட்டு கிராமுக்கு மேல் நீராவியைத் தாங்காது. மிச்சமுள்ள 16 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டித் தண்ணீர், எங்காவது படிந்தே ஆக வேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றை இழுக்கும் சிறிய கம்ப்ரசர் அந்த ஒரு கன மீட்டரை 50 நிமிடங்களில் இழுத்துவிடும்.

காற்று எங்கே குளிர்கிறதோ அங்கேதான் நீர் படியும் என்பதைக் கவனிக்க வேண்டும். கம்ப்ரசர் டேங்கின் வாயிலேயே பொருத்தியிருக்கும், ஈரத்தைப் பிடிக்கும் மாய்ஸ்சர் டிராப்பைக் காற்று இன்னும் சூடாகவே கடந்துவிடுகிறது. பிறகு மூன்று மீட்டர் ஹோஸுக்குள் குளிர்ந்து, அங்கே நீராகி, நேராக ஏர்பிரஷுக்கு வருகிறது. ஆகவே ஏர்பிரஷின் அடியில் மாட்டும் சிறிய டிராப் ஒன்றைக் கூடுதலாகப் பொருத்துங்கள். ஹோஸை ஏர்பிரஷுக்குக் கீழே தொங்கும்படி விட்டால் நீர் தாழ்ந்த இடத்தில் தேங்கும். டேங்கின் அடித் திருகை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் திறந்துவிடுங்கள். மழைக்காலத்தில் நான் அரை மணி நேரம் ஓட்டி, கால் மணி நேரம் ஆறவிடுகிறேன்.

கப்பில் குமிழி கிளம்புகிறது

இதற்கும் கலவைக்கும் தொடர்பில்லை. முன்பக்கம் வெளியேற வேண்டிய காற்று பின்னோக்கி வருகிறது. நாசில் தளர்ந்திருக்கும், வாயில் விரிசல் விட்டிருக்கும், அல்லது நாசில் மூடியில் பெயின்ட் காய்ந்திருக்கும். கழற்றிக் கழுவி இறுக்குங்கள். விரிசல் என்றால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. பெயின்ட் டிரிகர் பக்கமாகக் கசிந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் என்.சி. தின்னரில் ஊறி உப்பியிருக்கும். டெஃப்லான் வளையத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கலந்தவுடன் தயிர்போல் திரிகிறது

பொருந்தாத இரண்டைச் சேர்த்திருக்கிறீர்கள். எனாமலில் என்.சி. தின்னரை ஊற்றினால் சில எனாமல்கள் திரியும். சில அக்ரிலிக்குகள் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பட்டதும் ரப்பர்போல் இழுபடும். திரிந்ததை வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம். எந்தப் புதிய இணையையும் முதலில் ஒரு பீங்கான் தட்டில் இரண்டு துளி கலந்து, ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். நாசிலுக்குள் திரிந்துவிட்டால், தண்ணீரை ஊற்றாமல், அந்தப் பெயின்டுக்கே உரிய கிளீனரில் பாகங்களை ஊறவைக்க வேண்டும்.

வட்ட வட்டமாகப் பெயின்ட் ஒதுங்கிப் பள்ளம் விழுகிறது

மீன் கண் என்று எல்லோரும் சொல்லும் இந்தப் பள்ளங்களுக்கு எண்ணெயோ சிலிக்கானோ காரணம். பைக் டேங்குகளில் பாலிஷிலிருந்து வந்த சிலிக்கான். ஹெல்மெட்டுகளில், வேறெங்கும் தேட வேண்டாம், தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய். வாடிக்கையாளர் ஹெல்மெட்டைக் கழற்றி வைக்கும்போது எண்ணெய்க் கை எங்கெல்லாம் பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தாலே பள்ளங்கள் வரிசையாக விழும் இடம் புரிந்துவிடும். சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதிய பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பள்ளம் விழுந்த பிறகு அதன் மேல் மேலும் அடித்தால் பள்ளம் ஆழமாகுமே தவிர மூடாது. துடைத்துவிட்டு மீண்டும் தொடங்குவதே குறைந்த வேலை.

குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வள்ளங்களின் பெயர்ப் பலகைகள் வருவதுண்டு. அவற்றில் எண்ணெயைவிட உப்புதான் பகை. கண்ணுக்குத் தெரியாத உப்புப் படிவின் மேல் அடித்த பூச்சு அன்றைக்கு நன்றாகவே இருக்கும். நாள்பட்ட பின் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக எழுப்பும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி உலர்த்தாமல் பிரைமர் அடிக்கக் கூடாது.

அடியில் உள்ள பூச்சு சுருங்குகிறது, அல்லது பொருளே கரைகிறது

வலிமையான தின்னர் உள்ள பெயின்டைப் பழைய எனாமலின் மேல் அடித்தால், அடிப்பூச்சு ஊறி எழும்பிக் கிழவியின் கைத்தோல்போல் சுருங்கும். என்.சி.யின் மேல் எனாமல் போகலாம். எனாமலின் மேல் என்.சி. போகக் கூடாது. தெர்மாகோலில் செய்த குடில் மலைகளின் மேல் என்.சி.யோ ஸ்ப்ரே டப்பாவோ பட்டால் தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும். ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது ஒருவர் பாதி மலையோடு என்னிடம் வருகிறார். அங்கே அக்ரிலிக் மட்டும்தான். பிளாஸ்டர் பொம்மைகள் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், முதலில் சீலர் அடித்து மூடாவிட்டால் எந்தக் கலவையும் மங்கலாகவும் திட்டாகவும்தான் தெரியும்.

பி.யு. கிளியர் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது

பி.யு. என்பது ஹார்ட்னர் என்ற இறுகவைக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பூச்சு; கிளியர் அதன் நிறமற்ற வகை. ஹார்ட்னர் அளவு தவறியிருக்கலாம். ஆனால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை, பி.யு. தின்னருக்குப் பதிலாக வீட்டில் மிச்சமிருந்த என்.சி. தின்னரை ஊற்றியதால் வந்தவை. என்.சி. தின்னரில் உள்ள ஆல்கஹால், பெயின்டோடு சேர வேண்டிய ஹார்ட்னரைத் தானே பிடித்துக்கொள்கிறது. பூச்சில் ஊசித் துளைகள் விழுந்தால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். ஹார்ட்னர் நீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வாயு உண்டாகும். ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட்டின் பனி நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும்; துணி மாஸ்க் எந்தப் பாதுகாப்பும் தராது. தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசம் இல்லாததால் நான் பட்டறையில் பி.யு. அடிப்பதை நிறுத்திவிட்டு, அந்த வேலையை வசதி உள்ள வேறிடத்துக்கு அனுப்புகிறேன்.

நேற்று மிச்சம் வைத்த கலவை இன்று ஒத்துழைக்கவில்லை

இளக்கிய பெயின்டில் துகள்கள் விரைவாக அடியில் இறங்கும், மூடியின் இடுக்கு வழியே தின்னரும் ஓரளவு பறந்திருக்கும். குப்பிக்குள் இரண்டு துருப்பிடிக்காத எஃகுக் குண்டுகளைப் போட்டு வைத்து, மறுநாள் ஒரு நிமிடம் குலுக்கி, மீண்டும் வடிகட்டி, கப்பின் சுவரில் பதத்தைப் பார்த்த பிறகு துளித்துளியாகத் தின்னர் சேருங்கள். குப்பியின் மேல் பெயின்டின் வகை, தின்னரின் பெயர், கலந்த தேதி, அன்றைய ஈரப்பதம் ஆகிய நான்கையும் எழுதி ஒட்டுங்கள். அக்ரிலிக்கில் அழுகிய வாடை வந்தால் அந்தக் குப்பியைக் கொட்டிவிட வேண்டும். எனாமலின் மேல் ஏடு படிந்திருந்தால், ஏட்டைக் கிழிக்காமல் ஓரமாக வெட்டி எடுத்துவிட்டு அடியில் இருப்பதைப் பயன்படுத்தலாம்.